பார்க்கும் குழுவில் இருப்பவள்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். உன் மாமாவின் குறட்டையும் நாளொரு மேனியாக வளர்ந்து வருகிறது. அங்கே நீ, உன் வீட்டுக்காரி, உன் கழுத்து வலி, மூன்று பேரும் சுகமா?

ஒரே கம்பெனியில் அக்கா பட்டறையிலும் தம்பி தலைமை அலுவலகத்திலும் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் மாமா சிரிக்கிறார். போன வாரம் போனில் கேட்டதற்கு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, யாரு எந்தக் குழுவுல இருக்கணும்னாலும் எழுத்துல கேளு. வாயால கேட்டா நான் கையை வைக்கமாட்டேன்." சரி, இதோ எழுத்து. பை வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையால். சனிக்கிழமை சாம்பிள் மூட்டைக்குள் வைத்து அனுப்புகிறேன்.

நீ காவல் காக்கிற சர்வரில் நம்முடைய பைகளின் அளவெல்லாம் இருக்கிறது. யார் எதை எப்போது மாற்றினாலும் பட்டியலில் பெயரோடு ஒரு வரி விழும், பழைய அளவும் அழியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் மூன்று குழு வைத்தாயே, அதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. பார்க்கும் குழு வாசலோடு நிற்கிற விருந்தாளி. மாற்றும் குழு அடுப்படிவரை வரலாம். சாவிக் குழு பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பட்டறையில் வெட்டுகிற உன் அக்கா வாசலில். வந்து பதினான்கு மாசமான பென்சில் அடுப்படியில்!

பென்சில் என்றால் கம்ப்யூட்டரில் அளவு போடுகிற பெண். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் குத்தியிருக்கும். ஆளும் அதே பருமன். நான் "தோள்பட்டையை ரெண்டு விரல் அகலமாக்கு" என்பேன். அவள் தட்டுவாள். பட்டியலில் அவள் பெயர் விழும். செவ்வாய்க்கிழமை முதலாளி வந்தார். பள்ளிக்கூடப் பையை மாட்டிப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். "யாரும்மா இந்தத் தோள்பட்டை போட்டது? முதுகுல பூ மாதிரி உக்காருது!" பென்சில், "நான்தான் சார் போட்டேன், ஆனா அளவு அக்காவோட..." என்று இழுத்தாள். அதற்குள் அவர் கைகொடுத்துவிட்டார். நான் பக்கத்தில் பூ மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வாடின பூ.

ஆகவே என்னை மாற்றும் குழுவில் சேர். காரணம் எழுத வேண்டுமாமே. காரணம்: வயிற்றெரிச்சல்.

எந்தப் பேட்டர்னும் சரியாக வந்ததும் அதன் ஓரத்தில் நான் ஒரு சொல் எழுதுவேன், அதைப் பார்த்தால்தான் கத்திரி எடுப்பேன். கடிதத்துக்கும் அதுவே.

போதும்.
அக்கா


ஜனவரி 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் மூட்டையில் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம். கழுத்து இடப்பக்கம் மட்டும் திரும்புகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்தாதே.

விண்ணப்பத்தைப் படித்தேன். மாற்றும் குழுவில் கம்ப்யூட்டர் தேர்வு எழுதித் தேறியவர்களைத்தான் சேர்க்கலாம் என்பது கம்பெனி விதி. பெயர் விழுவதும் பெருமைக்காக இல்லை அக்கா. தப்பு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிவதற்காக. நீ பார்க்கும் குழுவிலேயே இரு. அதுதான் உனக்கு நல்லது.

பென்சில் பொறுப்பான பெண். எதை மாற்றினாலும் காரணம் எழுதுகிற கட்டத்தில் மூன்று வரி எழுதுகிறாள். இங்கே மற்றவர்களுக்கு அவள் வரிகளைத்தான் உதாரணமாகக் காட்டுகிறேன். அவளோடு ஒத்துப்போ.

வயிற்றெரிச்சலைக் காரணமாக ஏற்க இயலவில்லை.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 1

தம்பிக்கு,

நலமறிய ஆவல் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உனக்கு என்ன குறை! உதாரணம் காட்ட ஆள் கிடைத்துவிட்டது. முழங்கால் படியில் ஏறும்போது மட்டும் பேசுகிறது. உன் மாமாவுக்குச் சளி, எனக்கு அவரால் தலைவலி.

இடுப்பில் தூக்கிச் சுமந்து உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். அதற்கு யாராவது ஒரு வரி பதிந்து வைத்தார்களா? இல்லை. பென்சில் மூன்று வரி எழுதினால் அது உதாரணம். நீ அவளிடம் போனில் பேசும்போது அவள் "சரிங்கண்ணா, ஆமாங்கண்ணா" என்பது என் மேசைவரை கேட்கிறது. என் தம்பிக்கு இன்னொரு தங்கை முளைத்தது எனக்கே தெரியாமல் போயிற்று.

அவளுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து சுழல் நாற்காலி வந்திருக்கிறது. எனக்கு அதே மர ஸ்டூல். ஒரு கால் குட்டை. "அக்கா, நீங்க உக்காருங்க, எனக்கு ஸ்டூலே போதும்" என்கிறாள். பார், நல்ல பெயரையும் அவளே எடுத்துக்கொள்கிறாள்! எனக்கு மிச்சம் வைப்பதே இல்லை.

பார்க்கும் குழுதானே, பார்த்துக்கொண்டிருக்கிறேன். பையைத் தேர்ந்தெடுக்கிறாள். கீழே பழைய அளவெல்லாம் வரிசையாக வருகிறது. வேண்டிய வரியைத் தொட்டு, வளைந்த அம்பை அமுக்கினால் அந்தப் பழைய அளவே திரும்ப வந்துவிடுகிறது. மெஷின் "ஏன்?" என்று கேட்கிறது. அவள் மூன்று வரி தட்டுகிறாள். இதற்கா தேர்வு? இதைவிடக் குக்கர் மூடி திருகுவது கஷ்டம்.

உன் உதாரணப் பெண் மதியம் சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டரைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போகிறாள். பீரோவைத் திறந்துவைத்துவிட்டுக் கடைக்குப் போகிற மாதிரி. கோள் சொல்லவில்லை. சொல்லிவைக்கிறேன்.

போதும்.
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே புது சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றுகிற வேலை. வீட்டுக்குச் சாப்பிட மட்டும் போகிறேன். மாமாவின் சளி தேவலையா?

கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டுப் போவதைப் பற்றி அவளிடம் சொல்கிறேன். ஐந்து நிமிஷத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைக்கவும் முடியும். புது சர்வர் வேலை முடிந்ததும் செய்கிறேன்.

உனக்கு நல்ல ஸ்டூல் ஒன்று கேட்டிருக்கிறேன். எழுத்தில்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? உன் வீட்டுக்காரி நலமா? கழுத்து எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் நலம்.

பட்டறையில் விசேஷம் ஒன்றுமில்லை. புது ஸ்டூல் வந்தது. நாலு காலும் ஒரே உயரம். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.

ஒரு சின்னச் சந்தேகம். பட்டியலில் விழுந்த வரியை அழிக்க முடியுமா? நீ சாவிக் குழுவாயிற்றே, உன்னால் முடியும்தானே? யாரோ பேசிக்கொண்டார்கள், அதனால் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். நலமாக இரு.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

நலம். வரியை யாராலும் அழிக்க முடியாது. சாவிக் குழுவாலும் முடியாது. முடிந்தால் பட்டியல் எதற்கு? தப்பாக ஒரு வரி விழுந்துவிட்டால் அதற்கு மேலே சரியான புது வரி ஒன்றைப் போடலாம். அவ்வளவுதான்.

அங்கே நடந்ததை நீ எழுதவில்லை, ஆனால் உனக்குத் தெரியாமல் இருக்காது. ஆபீஸ் பைக்கு மூடியை ரெண்டு விரல் நீளமாக்கச் சொல்லி வாங்குகிறவர் கேட்டிருந்தார். பென்சில் பத்தாம் தேதி மாற்றினாள். பன்னிரண்டாம் தேதி மதியம் ஒன்று இருபதுக்குப் பழைய குட்டை அளவுக்கே திருப்பியிருக்கிறாள். அன்று சாயங்காலத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு மூடி வெட்டியாகிவிட்டது. ஒன்றுகூடப் பையின் முன்பக்கத்துப் பக்கிளை எட்டவில்லை.

வரியில் இருப்பது அவள் பெயர். நேற்று அவளை மாற்றும் குழுவிலிருந்து நானே எடுத்தேன். பேக்கிங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏப்ரல் ஏழாம் தேதி முதலாளி வருகிறார். வேலையில் வைப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்றைக்கு முடிவாகும். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம் என்று உனக்குத் தெரியும்.

அவளைப் பற்றி நீ சொன்னபோது நான் கேட்கவில்லை. நீ "சொன்னேனா இல்லையா" என்று நாலு பக்கம் எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். எழுதவில்லை. அன்று மதியம் நீ ஏதாவது பார்த்தாயா?

அன்புடன்,
தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

போன சனிக்கிழமை மூட்டையில் எழுத முடியவில்லை. மணிக்கட்டு வலி. இப்போது தேவலை. உன் மாமா நலம். சளி போய் இருமல் வந்திருக்கிறது.

சுழல் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. யாரும் இல்லாத நேரம் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். தலை கிறுகிறுத்தது. இதற்காகவா இத்தனை நாள் ஏங்கினாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பென்சில் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நேற்று அவளே பேச்சுக் கொடுத்தாள். "நான்தான் அமுக்கிருப்பேன் போல அக்கா. எனக்கு ஞாபகமே இல்ல. அந்த வாரம் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, கண்ணு சொருகிட்டே வேலை பார்த்தேன். ஆனா சாப்பிடப் போயிட்டு வந்தமாதிரிதான் இருக்கு... சரி, பேரு என் பேருதானே." குடம் நிறைந்து வழிந்ததுகூடத் தெரியவில்லை எனக்கு. அவள்தான் குழாயை மூடினாள்.

கொண்டையில் பென்சில் இல்லை. பேக்கிங்கில் எதற்குப் பென்சில்?

அந்த மூடிகளைத் தூக்கி எறிய வேண்டாம் என்று சொல். நுனியில் ஒரு பட்டை ஒட்டுப்போட்டால் பக்கிளை எட்டும்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

பன்னிரண்டாம் தேதி வரியை நேற்றுத்தான் முழுசாகத் திறந்து பார்த்தேன். அதுவரை பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் தண்டனை கொடுத்திருக்கிறேன். பென்சில் இதுவரை போட்ட எல்லா வரியிலும் காரணக் கட்டத்தில் மூன்று வரி இருக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை. உன் கடிதங்களை எடுத்து மேசையில் அடுக்கினேன். ஜனவரிக் கடிதத்தின் முடிவில் அது இருக்கிறது. பிப்ரவரியிலும் இருக்கிறது. மார்ச்சில் வந்த இரண்டிலும் இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஏழாம் தேதி திங்கட்கிழமை.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

சனிக்கிழமைவரை காத்திருக்க முடியாது. வேன் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் உடம்பை விசாரிக்க இன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை.

நான்தான்.

அன்றைக்கு ஆபீஸ் பைக்குத் துணி விரிக்கிறதற்கு முன்னால் பட்டியலைப் பார்த்தேன். மேலே அவள் பெயர். என்னுடைய மூடி அளவைத் தூக்கிப்போட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ரெண்டு விரல் நீளமாக்கியிருந்தாள். வாங்குகிறவர் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று வரியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். அதில் எழுதித்தான் இருந்தது. நான் பெயரோடு நின்றுவிட்டேன். நீயும் பெயரோடு நின்றாய். அக்கா தம்பி இல்லையா.

அவள் சாப்பிடப் போனாள். கம்ப்யூட்டர் திறந்திருந்தது. என் பழைய அளவு இருந்த வரியைத் தொட்டு, வளைந்த அம்பை அமுக்கினேன். "ஏன்?" என்று கேட்டது. பொறாமை என்றா தட்டுவது? கை தானாக அந்தச் சொல்லைத் தட்டியது. மறுபடி அவள் பெயர்தான் விழுந்தது. உன்மேல் சத்தியமாக, அது எனக்கு அமுக்கின பிறகுதான் உறைத்தது. என் அளவு, என் கை, அவள் பெயர். அப்போதுகூட, "தலையெழுத்து, இதற்கும் அவளுக்கே கைகொடுப்பார்கள்" என்றுதான் எரிந்தேன். பிறகு நானே துணி விரித்து நானே மெஷினில் வெட்டினேன். பக்கிள் வைக்கும்போதுதான் ஒன்றுகூட எட்டவில்லை என்று தெரிந்தது.

அதன்பிறகு தினமும் சொல்லிவிட நினைப்பேன். பேக்கிங் பக்கம் போவேன். அவள் "வாங்கக்கா" என்பாள். திரும்பி வந்துவிடுவேன்.

நீ யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். காலையிலேயே முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "இருபத்திரண்டு வருஷம்மா" என்றார். "ஆமாங்க, எரிச்சல் வர்றதுக்குப் பதினாலு மாசம்தான் ஆச்சு" என்றேன். சிரிக்கவில்லை. மூன்று மாசம் நான் பேக்கிங், பென்சில் மறுபடி கம்ப்யூட்டருக்கு என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு அவளிடம் போனேன். அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள். "மூணு வாரமா என் முகத்தைப் பார்த்துட்டே இருந்தீங்களேக்கா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

எழுத்தில் கேட்டால்தானே செய்வாய். இரண்டு விண்ணப்பம்.

ஒன்று, பென்சிலை மாற்றும் குழுவில் திரும்பச் சேர். காரணம், அவள் தப்புச் செய்யவில்லை.

இரண்டு, என்னை ஒரே ஒரு நாள் மாற்றும் குழுவில் சேர். காரணம், என் பெயரில் விழ வேண்டிய வரி ஒன்று பாக்கி இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

இரண்டு விண்ணப்பமும் ஏற்கப்பட்டன. பென்சில் இன்றைக்கே சேர்ந்துவிட்டாள். பதினோராம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை நீ மாற்றும் குழுவில் இருப்பாய். உன் பெயரிலேயே லாகின். பென்சில் காட்டித்தருவாள், நான் கேட்டுக்கொண்டேன்.

இந்தக் கணக்கில் என் பங்கும் இருக்கிறது. கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொள்ள வைக்கிறேன் என்று பிப்ரவரியில் எழுதினேன். வைக்கவில்லை. அவளிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. முதலாளிக்கு இதை எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. தேர்வு எழுதியவர்களைத்தான் சேர்க்கலாம் என்று ஒரு விதியும் இல்லை. நானாகச் சொன்னது. அக்காவைத் தம்பி உள்ளே விட்டான் என்று இங்கே பேசுவார்கள் என்ற பயம் ஒன்று. அதைவிட, என்றைக்காவது ஒரு தப்பு வந்து உன் பெயர் அதில் விழுந்து, அதை நானே படிக்க வேண்டி வருமே என்ற பயம். அதனால்தான் உன்னை வாசலிலேயே நிறுத்தினேன். நல்ல வேலைகளிலும் உன் பெயர் விழாமல் போனது எனக்கு உறைக்கவே இல்லை.

கழுத்து இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது. உன் முழங்காலைப் பற்றி எழுது.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் சுகம். பேக்கிங்கில் படியே இல்லை. உன் மாமாவின் இருமல் போய்விட்டது, குறட்டை பழைய பதவிக்குத் திரும்பிவிட்டது. உன் கழுத்து இனிமேல் அக்கா பக்கமும் கொஞ்சம் திரும்பட்டும்.

விதி இல்லையா? திருட்டுப் பயலே! வருகிறபோது காதைக் கழுவிக்கொண்டு வா. திருகுவதற்குச் சுத்தமாக இருக்கட்டும்.

நேற்று உட்கார்ந்தேன். சுழல் நாற்காலியில் இல்லை, என் ஸ்டூலை இழுத்துப்போட்டு. பென்சில் பக்கத்தில் நின்று எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று விரலால் காட்டினாள். கொண்டையில் பென்சில் இருந்தது. மெஷின் "ஏன்?" என்று கேட்டது. எழுத்தைத் தேடித் தேடித் தட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. நீ படித்திருப்பாய். இருந்தாலும் என் கையால் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்:

"மார்ச் 12 மதியம் மூடியைக் குட்டையாக்கியது பென்சில் இல்லை, நான். அவள் சாப்பிடப் போயிருந்தாள். பொறாமையில் செய்தேன். போதும்."

அமுக்கினேன். என் பெயர் விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் வரி. அழகாகத்தான் இருந்தது, போ.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு மூடிக்கும் ஒட்டுப்பட்டை வைத்துத் தைக்கிறோம். நான் அளவு சொல்ல, அவள் தட்ட. பாதி முடிந்துவிட்டது.

சாம்பிள் மூட்டையில் உனக்கு இன்னொரு கடிதமும் இருக்கிறது. பென்சில் கொடுத்தாள், "அண்ணாவுக்குக்கா" என்று. ஒட்டவில்லை. ஒட்டாத கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, நீ புதிதாக ஒன்று போட்டால் தவிர. விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். என்னுடைய மூன்று மாசம் முடிந்ததும் என்னை மாற்றும் குழுவிலேயே வைக்க வேண்டுமாம். காரணம் மூன்று வரி. "அக்கா சொன்ன நாற்பத்தொரு அளவு என் பெயரில் இருக்கிறது. வரிகளை அழிக்க முடியாது, மேலே புது வரி போடத்தான் முடியும். அதை அக்காவே தன் பெயரில் போட வேண்டும், நான் போட்டால் மறுபடி என் பெயர்தான் விழும்."

நாற்பத்தொன்று! நான்கூட எண்ணி வைக்கவில்லை, தம்பி. அவள் எண்ணியிருக்கிறாள்.

என் மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்டேன். "இல்லக்கா. அது வேற, இது வேற" என்றாள்.

மூன்று மாசமாக நான் முக்கி முக்கி எழுதியும் கிடைக்காத காரணம் அவளுக்கு மூன்று வரியில் கிடைத்துவிட்டது. கையெழுத்தைப் பார்த்தாயா? கோடு போட்டு வெட்டின மாதிரி. ஒரு அடித்தல் கிடையாது. என் வயிறு மறுபடி எரிகிறது. அவளுக்கு நீ எனக்கு முன்னால் பதில் போட்டாயானால் அதற்கும் சேர்த்து எரியும், இப்போதே எழுத்தில் சொல்லிவிட்டேன்.

போதும்.
அக்கா